வெள்ளிக்கிழமை எண்கள்

தாராவி,
9 பிப்ரவரி 2025, ஞாயிறு.

அன்புத் தங்கை மெஹக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்டமாட்டேன், எதையும் விடமாட்டேன். படித்துவிட்டு நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நாம் எங்கே பேசுகிறோம்? இங்கே உம்மா ஸ்பீக்கரில் போடுகிறாள். அங்கே சபுரா சாச்சியும் ஸ்பீக்கரில் போடுகிறாள். அக்காவும் தங்கையுமான அவர்கள் இருவரும் பேசி முடித்த பிறகு, நீயும் நானும் "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். நான் சொல்லவேண்டியது ஸ்பீக்கரில் சொல்லக்கூடியது இல்லை. உறையின் நான்கு ஓரத்தையும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். யாராவது பிரித்திருந்தால் உனக்குத் தெரிந்துவிடும்.

போன ஜூலையில் உன் மூச்சிழுப்புக்காக மாட்டுங்காவுக்குப் போனபோது, டாக்டர் மேடம் உன் கையில் மூச்சை அளக்க ஊதும் மீட்டரையும் என் கையில் நோட்டையும் கொடுத்தார். "இவள் ஊதட்டும், நீ எழுது" என்று இந்தியில் சொன்னார். காலையில் மூன்று ஊதல், மாலையில் மூன்று ஊதல். மூன்றில் பெரிய எண்ணை எழுதவேண்டும். உன்னால் முடிந்த உச்சம் 280 என்று கண்டுபிடித்து, நோட்டின் அட்டையில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். 225-க்கு மேல் பச்சை. 140-க்குக் கீழே போனால் சிவப்பு, யோசிக்காமல் ஆஸ்பத்திரி. எனக்கு அன்று எவ்வளவு பெருமை! எங்கள் ஒன்பதாம் வகுப்பில் வேறு யாருக்கும் ஒரு டாக்டர் வேலை கொடுத்ததில்லை.

மூன்று மாதம் எழுதினேன். மெஹக், அந்த நோட்டில் இருப்பவை நீ ஊதிய எண்கள் இல்லை. நீ 190 ஊதியபோது நான் 240 என்று எழுதினேன். 180 ஊதியபோது 235 என்று எழுதினேன். சந்தேகம் வராமல் இருக்க நடுவில் ஒரு 220-ஐயும் போட்டேன்.

அக்டோபரில் டாக்டர் மேடம் அந்த நோட்டை வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற அம்மாக்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டினார். பிறகு நீ தினமும் இழுக்கும் காவி நிற மருந்து பம்ப்பை இரண்டு அழுத்தலிலிருந்து ஒன்றாகக் குறைத்தார். மூன்று மாதம் நன்றாக இருக்கிற குழந்தைக்கு மருந்தைக் குறைத்துப் பார்ப்பதுதான் முறை என்றார். அவர் முறை சரி. நான் கொடுத்த எண்கள்தான் தவறு.

டிசம்பர் 19 உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. சாயங்காலம் நாலரை மணி. நீ படியேறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உதடு நாவற்பழம் தின்றது போல் இருந்தது. அவசரத்துக்கான நீல பம்ப்பை ஆறு முறை கொடுத்தோம். நம் சந்துக்குள் ஆட்டோ வராது என்பதால், கீழே வேலையில் இருந்த இசக்கி அண்ணன் ஓடி வந்து உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினார். அதற்கு முன் ஒரு நொடி, பழக்கத்தில், மீட்டரை உன் வாயில் வைத்தேன். 90. அதை மட்டும் சரியாக எழுதினேன்.

ஏன் பொய் எழுதினாய் என்று கேட்பாய். நான் எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பவள். எழுந்து வந்து மீட்டரைப் பார்க்கச் சோம்பலாக இருந்தது. மனதில் வந்த எண்ணை எழுதினேன். அவ்வளவுதான். உன்னை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுக்க வைத்ததும், மேலப்பாளையத்தில் சாச்சி வீட்டுக்கு அனுப்ப வைத்ததும் என் சோம்பல்தான். என்னை மன்னித்துவிடு.

உன் லாத்தா,
பரீஹா

*

மேலப்பாளையம்,
17 பிப்ரவரி.

லாத்தா,

வ அலைக்குமுஸ்ஸலாம். உறையை யாரும் பிரிக்கவில்லை. சாச்சியின் கண்ணாடி உடைந்துவிட்டது, பிரித்திருந்தாலும் பயமில்லை. நானே பிரிக்கமுடியாமல் கடைசியில் பல்லால் கடித்தேன்.

நீ பொய் சொல்கிறாய்.

எண்ணை மாற்றினாய் என்பது பொய் இல்லை. அதை நான் நம்புகிறேன். சோம்பல் என்பதுதான் பொய். நான் ஊதும்போது நீ என் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாய், முள்ளையே பார்ப்பாய். புத்தகத்துக்குள் ஒரு விரலை வைத்து மூடிக்கொண்டு ஓடி வருவாய். முதலில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதுவாய். அதற்குப் பிறகுதான் முன்பக்கத்தில் பேனாவால் எழுதுவாய். சோம்பேறி ஒரு தடவை எழுதவே அழுவாள். இரண்டு தடவை எழுதுவாளா?

கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் எழுதுவேன் என்று பரீட்சைக் கட்டுரை மாதிரி ஆரம்பித்தாய். முடிக்கும்போது ஏமாற்றிவிட்டாய்.

இங்கே காற்று சுத்தம் என்று வாப்பா எல்லோரிடமும் சொல்கிறார். தெருவில் சுத்தம்தான். வீட்டுக்குள் சாச்சி புகையிலைத் தூள் போட்ட சுளகை மடியில் வைத்து பீடி சுற்றுகிறாள். முதல் வாரம் தூள் பறந்து எனக்கு ராத்திரியெல்லாம் இருமல். நான் வாயைத் தலையணையில் அழுத்திக்கொண்டு இருமினேன். சாச்சிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மறுநாள் சுளகைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் கோழிக்கூண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். இப்போது அங்கேதான் வெயிலில் சுற்றுகிறாள். பக்கத்து வீட்டு முருகம்மாள் அத்தை, "என்ன சபுரா, கோழிக்கு பீடி சுத்தப் படிச்சுக் குடுக்கியா?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

சிரிப்பு என்றதும் நினைவு வருகிறது. ஒருநாள் இசக்கி அண்ணன் என் மீட்டரைப் பிடுங்கி ஊதினாரே, 260 வந்ததே! சின்னப் புள்ளையின் உச்சத்தைக்கூடத் தாண்டமுடியவில்லை என்று வாப்பாவின் பட்டறையே சிரித்தது. அவரிடம் நான் கேட்டதாகச் சொல்.

இன்னொன்று. போன வாரம் வாப்பா சாச்சாவிடம் போனில் பேசினார். ஏப்ரலில் பள்ளிக்கூடம் முடிந்ததும் டி.சி. வாங்கி அனுப்புகிறேன், புள்ள அங்கேயே படிக்கட்டும் என்றார். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், தூங்கவில்லை. டி.சி. வாங்கிவிட்டால் அப்புறம் திரும்பி வரமுடியாது இல்லையா? என்னை யாருமே கேட்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

மெஹக்

*

தாராவி,
24 பிப்ரவரி.

மெஹக்,

நீ என்னைவிடக் கெட்டிக்காரி. கடைசிப் பக்கத்தில் உண்மையான எண்கள் இருக்கின்றன. மூன்று மாதத்து எண்களும், ஒன்று விடாமல்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். விட்டால் மறுபடி பொய்யாகிவிடும். நம் அறைக்குக் கீழே வாப்பாவின் பட்டறை. உடைந்த வாளி, நாற்காலி, பொம்மை எல்லாவற்றையும் மிஷின் உருக்கி, நீளக் குச்சியாக இழுத்து, தானா என்னும் பிளாஸ்டிக் மணிகளாக நறுக்குகிறது. நம் தரை பலகை. பலகைகளுக்கு நடுவே இடுக்கு. கீழே எலி வராமல் இருக்க டியூப்லைட்டுகளை வாப்பா அணைப்பதே இல்லை. அந்த வெளிச்சம் இடுக்கு வழியாக ஏறி நம் கூரையில் கோடுகோடாக விழும். நீ அவற்றை எண்ணிக்கொண்டே தூங்குவாய். பதினொரு கோடுகள். அதே இடுக்குகள் வழியாகத்தான் புகையும் வந்தது.

முதல் வாரத்து எண்களைப் பார். திங்கள் 215. செவ்வாய் 205. புதன் 190. வியாழன் 180. வெள்ளி காலை 185, வெள்ளி மாலை 220. சனி காலை 245. இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரமும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காகப் பட்டறை லீவு. நான் வெள்ளிக்கிழமைகளைச் சுற்றி வட்டம் போட ஆரம்பித்தேன்.

ஊர்க் காற்றுதான் காரணமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். தினமும் போனில் காற்றின் தர எண்ணைப் பார்த்துப் பக்கத்தில் எழுதினேன். ஆனால் அது மழைக்காலம். மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டு, காற்று நன்றாக இருக்கிறது என்று போன் பச்சையாகவே காட்டியது. அந்த நாட்களிலும் வியாழக்கிழமைக்குள் உன் எண் கீழே விழுந்தது. ஆகஸ்டில் மிஷினின் ஹீட்டர் எரிந்துபோய்ப் பத்து நாள் வேலை நின்றது நினைவிருக்கிறதா? வாப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார். நீ 265, 270, 270 என்று ஊதித் தள்ளினாய். "லாத்தா, எனக்குச் சரியாகிவிட்டது" என்று குதித்தாய். நான் பென்சிலை எடுத்து அதைக் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

வாப்பா பதினேழு வருடம் அடுத்தவர்களின் மிஷினில் நின்றவர். நீ பிறந்த வருடம்தான் சொந்த மிஷின் போட்டார். போர்டில் உன் பெயரை எழுதினார். டாக்டர் மேடம் இந்த எண்களைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். மிஷினை நிறுத்து என்பார். அதனால் முன்பக்கத்துக்கு வேறு எண்கள் தயாரித்தேன். மருந்து இருக்கிறதே, மருந்து பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். நல்ல எண்களைப் பார்த்தால் மருந்தைக் குறைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. குறைத்த அன்றாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. முதல் நாள் டாக்டர் மேடம், வீட்டுப் பக்கத்தில் புகை ஏதாவது உண்டா என்று இந்தியில் கேட்டார். நான் உம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "கீழ மிஷினு ஓடுதே, அதச் சொல்லுளா" என்றாள் உம்மா. நான் டாக்டர் பக்கம் திரும்பி, "உம்மா கேஸ் அடுப்பில்தான் சமைக்கிறாள், புகை இல்லை" என்று இந்தியில் சொன்னேன். உம்மா தலையை ஆட்டினாள். நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நம்பி ஆட்டினாள்.

டிசம்பரில் மழையும் இல்லை, காற்றும் இல்லை. ஊர்ப் புகையும் கீழ்ப் புகையும் சேர்ந்துகொண்டன. மருந்து பாதியாக இருந்தது. அந்தப் பாதியை எடுத்தது என் கை. இப்போது வாப்பா பம்பாய்க் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி உன் டி.சி.யை வாங்கப்போகிறார். உண்மையான எண்கள் என் பையில் இருக்கின்றன.

பரீஹா

*

மேலப்பாளையம்,
3 மார்ச்.

கடிதம் வந்தது. எனக்கு உன்னோடு பேசப் பிடிக்கவில்லை.

இன்று காலை 235. இது நானே பார்த்து நானே எழுதியது.

மெஹக்

*

தாராவி,
10 மார்ச்.

மெஹக்,

235 என்று ஒரு எண்ணாவது எழுதினாய். அதை என் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

நோன்பு திறக்கும் நேரத்தில் உன் இடம் காலியாக இருக்கிறது. உம்மா மறந்துபோய் உனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றிவிட்டு, அதை எடுத்து இசக்கி அண்ணனுக்குக் கொடுத்து அனுப்புகிறாள். அவர், "நோம்பு புடிக்காதவனுக்கு ரெண்டு கிண்ணம், புடிக்கிறவங்களுக்கு ஒண்ணு. நல்ல ஊருப்பா" என்கிறார். சொல்லிவிட்டு இருமுகிறார்.

நோட்டோடு நான்கு முறை கீழே இறங்கினேன். நான்கு முறையும் வாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான்கு முறையும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி பள்ளிக்கூடத்தில் டி.சி.க்கு விண்ணப்பம் வாங்கவேண்டுமாம். அதை நிரப்பும் வேலையையும் எனக்கே கொடுத்திருக்கிறார். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம்.

நான் என்ன செய்ய? திட்டியாவது எழுது.

பரீஹா

*

மேலப்பாளையம்,
18 மார்ச்.

லாத்தா,

பதினைந்து நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போதும் இருக்கிறது, ஆனால் கோபத்துக்கு நடுவில் ஒன்று உறுத்துகிறது. நீ எல்லாவற்றையும் உன் கை என்கிறாய். உன் கை மட்டும் இல்லை.

நீ லைப்ரரிக்குப் போகும் நாட்களில் நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. கீழே இருந்தேன். மூட்டையில் வரும் பிளாஸ்டிக் எந்த வகை என்று தெரியாவிட்டால், வாப்பா ஒரு துண்டை லைட்டரில் கொளுத்தி, ஊதி அணைத்து, புகையை மோந்து பார்ப்பார். ஒரு வகை மாறிக் கலந்தாலும் மொத்த உருக்கும் பாழ். ஒருநாள் விளையாட்டாக என்னிடம் நீட்டினார். நான் சரியாகச் சொன்னேன். மெழுகுவத்தி வாசம் வந்தால் வாளி வகை. சாமந்திப்பூ வாசம் வந்தால் பேனா வகை. மூக்கு எரிந்தால் பைப் வகை. வாப்பாவே தப்பாகச் சொன்னதை நான் இரண்டு முறை சரியாகச் சொல்லியிருக்கிறேன். "எம்புள்ள மூக்குக்கு பம்பாயிலயே ஜோடி கெடையாது" என்று இசக்கி அண்ணனிடம் சொல்வார்.

நீ எல்லாவற்றிலும் முதல் ரேங்க். எனக்கு இது ஒன்றில்தான் முதல் ரேங்க்.

டாக்டர் மேடம் மீட்டர் கொடுத்த பிறகும் போனேன். வாப்பா என்னை வா என்று கூப்பிட்டதில்லை. போகாதே என்றும் சொன்னதில்லை. டிசம்பர் 19 அன்று பொம்மையும் குழாயுமாகக் கலந்து ஒரு மூட்டை வந்திருந்தது. ஒன்பது துண்டு மோந்து பார்த்தேன். ஒன்பதாவது துண்டில் மூக்கு, தொண்டை எல்லாம் எரிந்தது. "பைப்பு, வாப்பா" என்றேன். தலையைத் தடவிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் படியேறி வந்தேன். மிச்சம் உனக்குத் தெரியும்.

இதை உம்மாவிடமும் டாக்டரிடமும் நான் சொல்லவில்லை. வாப்பாவும் சொல்லவில்லை. இங்கே வந்ததிலிருந்து வாப்பா போனில் என்னோடு பேசுவதே இல்லை. "புள்ள சாப்ட்டாளான்னு கேளு" என்று உம்மாவிடம் சொல்வது மட்டும் தூரத்தில் கேட்கிறது.

லாத்தா, வாப்பாவிடம் நோட்டைக் காட்டாதே. காட்டினால் மிஷினை நிறுத்திவிடுவார். அவர் மிஷின் இல்லாமல் எப்படி இருப்பார் என்று ஆகஸ்டில் பார்த்தோமே. அல்லது நிறுத்தமாட்டார். நோட்டைப் பார்த்த பிறகும் நிறுத்தமாட்டார். அப்படி நடந்தால் அது எனக்குத் தெரியவே வேண்டாம். அதற்கு நான் இங்கேயே கோழிகளோடு இருந்துவிடுகிறேன்.

காவி பம்ப்பை விடியுமுன் சஹருக்கு ஒரு தடவை, நோன்பு திறந்து ஒரு தடவை என்று விடாமல் எடுக்கிறேன். போன வாரம் ஒருநாள் பகலில் இழுத்தது. நோன்பு முறிந்துவிடுமே என்று நீல பம்ப்பை எடுக்காமல் இருந்தேன். சாச்சி, "மூச்ச அடக்கிக்கிட்டு இருன்னு அல்லா எந்தப் புள்ளகிட்டயும் கேக்கல. எடுத்து இழுளா மொதல்ல" என்று அவளே அழுத்திவிட்டாள்.

இன்று காலை 230.

மெஹக்

*

தாராவி,
12 ஏப்ரல், சனிக்கிழமை.

மெஹக்,

உன் பேச்சை நான் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விண்ணப்பத்தில் உன் பெயர், பிறந்த தேதி, வகுப்பு எல்லாம் எழுதினேன். "பள்ளியை விட்டு விலகக் காரணம்" என்று ஒரு வரி இருந்தது. அதில் பேனா ஓடவில்லை. பத்து நாள் அதை அப்படியே வைத்திருந்தேன். பெருநாள் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுது வந்த வாப்பா, நின்றிருந்த மிஷினின் ஜாலி வலையைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. நான் இறங்கிப் போனேன்.

"என்னளா, பள்ளிக்கொடத்து நோட்டா?"

"இல்ல வாப்பா. மெஹக் ஊதுன நோட்டு. பின்னாலருந்து பாருங்க."

கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இந்த வட்டம் என்னத்துக்கு?"

"வெள்ளிக்கெழம, வாப்பா."

அதற்கென்ன என்று கேட்பார், நான் விளக்கிச் சொல்லவேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. மூன்று பக்கம் புரட்டினார். பிறகு, "ஹீட்டர் போயி பத்து நாளு மிஷினு நின்னு கெடந்துச்சே, அது எந்தப் பக்கம்?" என்றார்.

அது அன்று தோன்றிய கேள்வி இல்லை, மெஹக். ரொம்ப நாளாக அவருக்குள்ளேயே இருந்த கேள்வி.

காட்டினேன். 265, 270, 270. ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே விரலை வைத்துப் படித்தார். பிறகு முன்பக்கத்தையும் நானே திருப்பிக் காட்டி, அவை என்ன என்று சொன்னேன். உம்மா சொன்னதை நான் டாக்டரிடம் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"மொதல்லயே எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா."

"பயமா இருந்திச்சு வாப்பா."

"எனக்கும்தான்" என்றார். ஜாலியைக் கீழே வைத்தார். "மேல போறப்ப அவ நடுப்படியில நின்னு நின்னு போவா. கீழருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். புள்ள வெளாடுதுன்னு நெனச்சிக்கிட்டேன். அப்படி நெனச்சாத்தான மறுநா மிஷினப் போட முடியும்?"

நீ கீழே வந்து மோந்து பார்த்ததை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு கடேசியா ஒரு துண்டு குடுத்தேன்லா. அது பைப்புன்னு எனக்குத் தெரியும். கையில எடுத்ததுமே தெரியும். கொளுத்தவே வேண்டாம். அவ சொல்லணும், அதக் கேக்கணும்னு ஒரு ஆச. அதுக்காகக் கொளுத்திக் குடுத்தேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து மிஷின்மேல் வைத்தார். இன்று வரை அதை அவர் தொடவில்லை.

மறுநாள் வாப்பா, உம்மா, நான் மூன்று பேரும் மாட்டுங்காவுக்குப் போனோம். டாக்டர் மேடத்திடம் இரண்டு பக்கத்தையும் காட்டி எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் புரட்டினார். பிறகு ஜூலையில் கேட்ட அதே புகைக் கேள்வியைக் கேட்டார். இந்த முறை என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. வாப்பா எழுந்து நின்று, "ஹை, மேடம். நீச்சே மேரா ஹீ மிஷின் ஹை" என்றார். கீழே ஓடுவது தன் மிஷின்தான் என்று அவரே சொன்னார். உம்மாவுக்கு அந்த அளவு இந்தி புரியும். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஊர்க் காற்றை நம்மால் நிறுத்தமுடியாது, அது கெட்டிருக்கும் நாளில் மருந்தை விடாமல் எடுத்து, புகையில் அலையாமல் வீட்டில் இருக்கலாம் என்றார் டாக்டர் மேடம். வீட்டுக்கே அடியில் புகை இருந்தால் எங்கே போய் இருப்பது என்றும் கேட்டார். நீ வந்ததும் பரிசோதித்துவிட்டுத்தான் மருந்தின் அளவைச் சொல்வாராம். அதுவரை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த அளவையே குறைக்காமல் எடுக்கவேண்டும். என்னைத் திட்டவில்லை. ஒரு புது நோட்டை எடுத்து, என் கையில் கொடுக்கப்போய், நிறுத்தி, வாப்பாவின் கையில் கொடுத்தார். "இனி ஊதுகிறவளே எழுதட்டும்" என்றார். திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

கிளம்பும்போது இசக்கி அண்ணன் ஊதிய 260-ஐச் சொன்னேன். அவருக்கு என்ன வயது என்று கேட்டார். முப்பத்தெட்டு என்றேன். அந்த வயதுக்கு ஐந்நூறுக்கு மேல் வரவேண்டுமாம். நாம் சிரித்தோம், மெஹக். பட்டறையே சிரித்தது. அவரும்தான் சிரித்தார். வரும் வாரம் அவரை வாப்பா டாக்டரிடம் கூட்டிப்போகிறார். அவரோ, "மீட்டருல பாஸானாத்தான் வேலையா, மொதலாளி?" என்று கேட்டுக்கொண்டு திரிகிறார்.

மிஷினை ஊருக்கு வெளியே வசாய் பக்கம் ஒரு ஷெட்டுக்கு மாற்றுகிறார்கள். வாப்பா விடிவதற்கு முன் ரயில் ஏறி, ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகுதான் வீடு திரும்புவார். அங்கே மேலே வீடு இல்லையாம். "பக்கத்துல?" என்று கேட்டேன். வாப்பா ரயில் நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இதையும் விடாமல் எழுதுகிறேன்.

விண்ணப்பத்தை வாப்பா நான்காகக் கிழித்தார். இருபத்தேழாம் தேதி ரயிலில் சாச்சா உன்னைக் கூட்டி வருவார். சாச்சியிடம் சுளகை உள்ளே எடுத்துவரச் சொல், அவள் வெயிலில் இருந்தது போதும்.

உம்மா என்னோடு பேசி ஏழு நாள் ஆகிறது. தட்டில் சோறு வைக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் சொன்னதை அவள் முன்னாலேயே மாற்றிச் சொன்னவள் நான். எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கவேண்டியதுதான். நீயும் வந்ததும் உடனே என்னோடு பேசவேண்டும் என்று இல்லை.

கையில் இருந்த சரக்கை முடித்துவிட்டு நிறுத்துகிறேன் என்று வாப்பா ஒரு வாரம் கேட்டிருந்தார். இன்று பொழுது சாய்ந்து மஃரிபுக்குக் கடைசி மூட்டை முடிந்தது. மிஷின் நின்ற பிறகு அவர் கூட்டிப் பெருக்கும் சத்தம் கேட்டது. இசக்கி அண்ணனிடம், "எலி என்னத்தத் திங்கப் போவுது, ஒண்ணுந்தான் இல்லையே" என்று சொல்வதும் கேட்டது. இப்போது மணி எட்டு. நம் அறை விளக்கைப் போடாமல், கீழிருந்து வரும் வெளிச்சத்திலேயே இதை எழுதிக்கொண்டிருந்தேன். கூரையில் பதினொரு கோடுகள் இருந்தன, உனக்காக எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றாக மறைகின்றன. இந்த வரியைத் தடவித் தடவித்தான் எழுதுகிறேன். கீழே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.